கப்பலுக்குக் கீழே நிற்பவர்

ஸ்டேன்மவுத்,
15 பிப்ரவரி 1879

அன்புள்ள அப்பாவுக்கு,

வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி மட்டும் குளிரோடு வந்தது; குளிரோடுதான் போகும் என்கிறாள். லண்டன் புகையில் உங்கள் இருமல் எந்த மட்டில் இருக்கிறது என்று எழுதுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். குரோதர் கம்பெனியின் கப்பலுக்குத் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் வேலை முடியப் போகிறது. மார்ச் 24, திங்கட்கிழமை, அமாவாசையை ஒட்டி ஆற்றில் கடல்நீரின் பெரிய ஏற்றம் வருகிறது. அன்றே இறக்கியாக வேண்டும். அவ்வளவு நீர் இனி செப்டம்பரில்தான் வரும்.

நம் ஆற்றில் இத்தனை நீளக் கப்பலை யாரும் கட்டியதில்லை. கப்பல் நீண்டுவிட்டது, ஆறு பழைய அகலத்திலேயே கிடக்கிறது. வேகம் கூடினால் எதிர்க்கரையில் போய் முட்டும். குறைந்தால் பாதி வழியில் நின்று, ஏற்றம் வடிந்ததும் நடுமுதுகு ஒடியும். இரண்டில் எது நடந்தாலும் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஆகவே நீங்கள் வர வேண்டும். கணக்குக்கு உங்கள் உதவி வேண்டாம், அதை நானே போட்டுவிட்டேன். ஆனால் கப்பலைப் பிடித்து நிறுத்தும் முட்டுக்கட்டையைத் தட்டச் சொல்லும் வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் ஆட்கள் சுத்தியலைத் தூக்குவார்களாம். தலைமை மேஸ்திரி ஹெட்லி சொல்கிறார்: "பெரியவர் லண்டன்ல இருக்காருன்னா கப்பலையும் லண்டன்லயா இறக்க முடியும்? வரச் சொல்லுங்க தம்பி."

இன்னொன்று. நவம்பரில் உங்களுக்கு ஓட்டுப் போட்டுப் பார்லிமெண்டுக்கு அனுப்பியவர்கள் தெருவில் என்னை நிறுத்தி, "உங்கப்பா சபையில வாயத் திறந்துட்டாரா?" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
மைல்ஸ்


லண்டன்,
21 பிப்ரவரி

அன்பு மகன் மைல்ஸுக்கு,

உன் கடிதம் வந்தது. இருமல் இருக்கிறது. இந்த ஊரில் இருமாதவனைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், அதனால் கவலைப்படாதே. அம்மாவின் முழங்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல். வேண்டாம் என்பாள், விடாதே.

வாய் திறந்தேனா என்று கேட்பவர்களிடம், எழுந்து நின்றேன் என்று சொல். சபாநாயகர் கண்ணில் பட்டால்தான் பேசலாம். நான் எழும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் பார்க்கிறார். பட்டறையில் ரிவெட் சத்தத்துக்கு மேல் கேட்கிற குரல், இங்கே பாதிப் பேர் தூங்கும் மண்டபத்தில் எழும்ப மறுக்கிறது.

நான் இங்கே வந்தது ஒரே வேலைக்கு. கோதுமையை மூட்டை கட்டாமல் கொட்டி நிரப்பினால், கப்பல் சாயும்போது அது தண்ணீர் போல ஒரு பக்கம் ஓடும். ஓடிய பிறகு கப்பல் நிமிராது. சரக்கறையின் நடுவே நீளவாக்கில் ஒரு பலகைத் தடுப்பு இருந்தால் போதும். அதைச் சட்டமாக்க வேண்டும். போன குளிர்காலத்தில் நம் தேவாலயத்தில் எத்தனை வீட்டார் கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள் என்று நீயே பார்த்தாய். மசோதா ஈஸ்டருக்குப் பிறகு வாக்கெடுப்புக்கு வருமாம்.

எனவே 24ஆம் தேதிக்கு வருகிறேன். இது வாக்கு. இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவரோடு ஜோடி சேர்ந்துகொண்டால் இருவருமே சபைக்கு வராமல் இருக்கலாம். அவர் ஓட்டும் என் ஓட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், யாருக்கும் நஷ்டமில்லை. எழுத்து எதுவும் கிடையாது. கை குலுக்கினால் முடிந்தது. சர் ஆஸ்வால்ட் பென்ரோஸ் என்று கார்ன்வால் பக்கத்து நிலக்காரர் ஒருவர் கிடைத்தார். மார்ச் கடைசி வரை இருவருக்கும் விடுப்பு. "உமக்குக் கப்பல், எனக்கு மீன். ரெண்டும் தண்ணிதானேய்யா," என்று சிரித்தார்.

இழுவைச் சங்கிலிக்கு என்ன செய்திருக்கிறாய் என்று எழுது.

நலம் கோரும்,
அப்பா


ஸ்டேன்மவுத்,
26 பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் வருவது தெரிந்ததும் அம்மாவின் முழங்கால் பாதி குணமாகிவிட்டது. உங்களுக்கும் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சங்கிலி. கப்பல் தண்ணீரைத் தொட்டதும் அதன் பின்னால் சங்கிலிக் குவியல்கள் ஒவ்வொன்றாக இழுபட்டு வேகத்தைப் பிடிக்க வேண்டும். எவ்வளவு எடை போடலாம் என்று ஹெட்லியைக் கேட்டேன். கண்ணை மூடி யோசித்துவிட்டு, "நிறைய," என்றார். நான் எடைக்கும் சரிவுக்கும் கணக்குப் போட்டுக் காட்டினேன். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "எழுத்து அழகா இருக்கு," என்றார். அவருக்குப் படிக்கத் தெரியும். வேண்டுமென்றே செய்கிறார்.

குரோதர் வந்திருந்தார். உங்கள் மசோதாவைப் பற்றிக் கத்தினார். "சரக்கறைக்கு நடுவுல தடுப்பப் போட்டா மிச்சக் கோதுமைய எங்க கொட்டறது தம்பி, என் தலையிலயா?"

"கொட்டலாம் ஐயா, அங்க இடம் காலியாத்தானே இருக்கு," என்று சொல்லிவிட்டேன்.

அம்மா மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தாள். ஹெட்லி மட்டும் அன்று முழுவதும் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார்.

24க்கு முதல் நாளே வந்துவிடுங்கள். உடம்புக்குக் கம்பளி போட்டுக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

மைல்ஸ்


லண்டன்,
11 மார்ச்

அன்புள்ள ஹானாவுக்கு,

உன் வலி எப்படி? எனக்கு உடம்பு பரவாயில்லை. மனசுதான் சரியில்லை. இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

எங்கள் கட்சிக் கொறடா இன்று என்னை நடைவழியில் பிடித்தார். "மசோதாவ 24ஆம் தேதி சாயங்காலத்துக்கு மாத்திட்டாங்க. ரொம்ப நெருக்கமா வரும், ஒரு ஓட்டும் தவறக் கூடாது," என்றார்.

"நான் ஜோடி சேர்ந்துட்டேனே, பென்ரோஸோட," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "பென்ரோஸா? அவர் ஊர்லயும் மாலுமிங்க சாகறாங்கய்யா. கட்சிதான் அந்தப் பக்கம், இந்த மசோதாவுக்கு அவர் நம்ம ஓட்டு. உங்களயும் வெட்டி, அவரயும் வெட்டியிருக்கீங்க. இதுக்குப் பேரு ஜோடியா?"

கட்சி எதிர் என்றால் ஓட்டும் எதிர் என்று நினைத்துவிட்டேன், ஹானா. அவரைக் கேட்கக்கூட இல்லை. தகட்டை வெட்டுமுன் அளவு பார், அளவு பார் என்று பையன் தலையில் குட்டியே வளர்த்தவன் நான்.

இனி எங்கள் இருவர் ஓட்டும் வேண்டும். கைகொடுத்த வாக்கை இருவரும் சேர்ந்துதான் கலைக்கலாம். அவர் முன்பே ஊருக்குப் போய்விட்டார். தந்தி கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை. வராவிட்டால் நானே போய் அழைத்து வர வேண்டும். கப்பல் இறங்கும் அன்று நான் அங்கே இருக்க முடியாது.

மைல்ஸிடம் காரணத்தைச் சொல்லாதே. வர முடியாது என்று மட்டும் நான் எழுதுகிறேன்.

உன்,
கத்பர்ட்


லண்டன்,
11 மார்ச்

அன்பு மைல்ஸுக்கு,

நீயும் அம்மாவும் சுகந்தானே? நான் சுகம்.

24ஆம் தேதி வர இயலாது. சபை வேலை. வார்த்தையை நீயே கொடு. நான் சொன்னதாக ஹெட்லியிடம் சொல்.

அப்பா


ஸ்டேன்மவுத்,
13 மார்ச்

அப்பாவுக்கு,

உடம்புக்கு எல்லோரும் சௌகரியம்.

சபை வேலை என்று இரண்டு சொல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மசோதா 24க்கு மாறியதைப் பத்திரிகையில் பார்த்தேன். மாறினால் என்ன? உங்களுக்குத்தான் ஜோடி இருக்கிறதே. அவர் ஓட்டும் உங்கள் ஓட்டும் அடிபட்டுப் போகும், யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதியது நீங்கள். கூட்டல் கழித்தல் எனக்கும் தெரியும். அங்கே இருந்து வேடிக்கை பார்க்கத்தான் முடியும். வேடிக்கையை இங்கே வந்து பார்க்கலாம்.

வார்த்தையை நான் கொடுக்க வேண்டுமாம். நீங்கள் சொன்னதாக ஹெட்லியிடம் சொன்னேன். அவர், "பெரியவர் வந்து சொல்லட்டும்," என்றார். சரி, நான் என் முறையில் செய்கிறேன் என்றேன். விருந்தினர் மேடையின் உச்சியில் நின்றால் ஆறு முழுவதும் தெரியும். நீர் நின்று திரும்பும் கணம் பார்த்துச் சிவப்புக் கொடி காட்டினால் போதும். எந்தப் புதிய பட்டறையிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

"கொடியா? விசிலும் ஊதுவீங்களா? இது கப்பலா, ரயிலா?" என்றார் ஹெட்லி. ஆட்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கொடிக்குச் சுத்தியல் தூக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் வாக்கை நீங்கள் காப்பாற்றியிருந்தால் இது எதுவும் இல்லை.

மைல்ஸ்


ஸ்டேன்மவுத்,
17 மார்ச்

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் இருமலைப் பற்றி நீங்கள் எழுதாததால் அது கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். என் கால் என் உடம்போடு இருக்கிறது, அது போதும்.

உங்கள் பிள்ளை விடிந்தால் கப்பலுக்கடியில், இருட்டினால் காகிதத்துக்கடியில். சறுக்குத் தடத்தில் பூசிய கொழுப்பை விரலால் வழித்துப் பார்ப்பதும் முகர்வதுமாக இருக்கிறான். அதே கையோடு மேஜைக்கு வருகிறான். நேற்று ஆட்டுக்கறிச் சூப்பை வைத்தேன், தொடவில்லை.

"சாப்பிடுடா," என்றேன்.

"அப்பா பொய் சொல்றார்மா."

"உங்கப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லாம இருக்கத்தான் வரும்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

நான் சூப்பைச் சூடு பண்ண எடுத்துப் போய்விட்டேன். நீங்கள் கேட்டபடி நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் ஒரு தப்புப் பண்ணினீர்கள் என்று தெரிந்தால் அவனுக்கு உங்கள் மேல் கோபம் வராது, நிம்மதிதான் வரும். அவன் பயந்து போயிருக்கிறான். தப்பே செய்யாதவர் மகனாக ஒரு கப்பலை இறக்குவது சுலபமில்லை.

ஹெட்லி இன்னும் இறங்கி வரவில்லை. கம்பளி மப்ளரை இதோடு அனுப்புகிறேன். மழையில் நனையாமல் போய் வாருங்கள்.

ஹானா


ட்ரெவாரன், கார்ன்வால்,
20 மார்ச்

அன்பு மைல்ஸுக்கு,

இங்கே மழை. எனக்கு ஒன்றுமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. நீ கேட்டதற்குப் பதில் உண்டு. இப்போது எழுத நேரமில்லை. ஏற்றம் நல்லபடி வரட்டும்.

அப்பா


ஸ்டேன்மவுத்,
25 மார்ச்

அப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீங்கள் கார்ன்வாலில் இருந்து எழுதிய கடிதம் வந்தது. பென்ரோஸ் ஊர் அதுதானே? மீன் நன்றாகக் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

கப்பல் மிதக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை ஆட்கள் அசையவில்லை. நான் ஹெட்லியிடம் போய், "உங்களுக்கு என்னதான் வேணும்? பட்டுன்னு சொல்லித் தொலைங்க," என்றேன்.

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் தம்பி. முட்டுக்கட்டையத் தட்டுறப்ப நாங்க எல்லாரும் கப்பலுக்கு அடியில இருப்போம். நீங்க மேல கொடியோட காத்து வாங்குவீங்க. அது சறுக்காம சாஞ்சா யார் மேல சாயும்?"

"சாயாது. கணக்குப் போட்டிருக்கேன்."

"சரி. பெரியவர் எங்க நின்னு வார்த்தை சொல்லுவாரு, பார்த்திருக்கீங்களா?"

யோசித்தேன். நான் பார்த்ததே இல்லை. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு முறையும் அம்மாவோடு மேடையில் நிற்பேன். கப்பல் போய் முடிந்த பிறகு நீங்கள் கீழே எங்கிருந்தோ கோட்டைத் தட்டிக்கொண்டு வருவீர்கள். ஓரமாக, பத்திரமாக எங்கேயோ நிற்பீர்கள் என்று நினைத்திருந்தேன்.

"முன் முட்டுக்கட்டைக்குப் பக்கத்துல நிப்பாரு. எங்களுக்குள்ள. கடைசியாத்தான் வெளிய வருவாரு," என்றார் ஹெட்லி.

இதை நீங்கள் எனக்கு ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம்.

"அப்ப நானும் அங்கதான் நிக்கறேன்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கணக்குப் போட்டவரே கீழ நிக்கிறாருன்னா கணக்கு சரியாத்தான் இருக்கும். திங்கக்கிழமை காலையில ஆளுங்க வருவாங்க. அந்த உசரத் தொப்பிய மட்டும் வீட்ல வச்சிட்டு வாங்க, பாவம், அது புதுசு."

திங்கட்கிழமை மதியம் நீர் நிறைந்தது. கரையில் ஊரே நின்றது. மேலே பாண்டு வாசித்தார்கள். கீழே அது யாரோ பக்கத்துத் தெருவில் வாசிப்பது போலக் கேட்டது. கொழுப்பு நாற்றமும் ஈர மரமும்தான். கரையில் இருந்த ஆள் நீர் நின்றுவிட்டது என்று கை காட்டினான். நான் வார்த்தையைச் சொன்னேன். குரல் உடைந்தது; ஆனாலும் தட்டினார்கள். முட்டுக்கட்டை விழுந்தது.

கப்பல் அசையவில்லை.

குளிரில் கொழுப்பு இறுகியிருக்க வேண்டும். அதை நான் கணக்கில் எடுத்திருந்தேன், ஆனால் தலைக்கு மேல் அத்தனை இரும்பு நிற்கும்போது கணக்கு எங்கோ போய்விட்டது. ஒருவரும் ஓடவில்லை. ஹெட்லி தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, மாட்டிடம் பேசுவது போல, "கிளம்பு தாயி, இங்க இனி உனக்கு என்ன வேலை," என்றார். மரம் முனகியது. பிறகு போனது. சங்கிலிகள் ஒன்றன்பின் ஒன்றாக இழுபட்ட சத்தத்தில் இன்னும் காது அடைத்திருக்கிறது.

எதிர்க்கரைக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டு நின்றது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த கழுதை தலையைக்கூடத் தூக்கவில்லையாம். ஹெட்லி என்னிடம், "சங்கிலி நிறையத்தான் போட்டிருக்கீங்க," என்றார்.

நீங்கள் இருந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மைல்ஸ்


லண்டன்,
28 மார்ச்

அன்பு மகன் மைல்ஸுக்கு,

உன்னையும் அம்மாவையும் கடவுள் நன்றாக வைக்கட்டும். என் இருமல் கூடித்தான் இருந்தது; இப்போது இறங்கிவிட்டது.

பதில் உண்டு என்று எழுதினேன். இதோ. பென்ரோஸ் எதிர்க்கட்சிதான், ஆனால் இந்த மசோதாவில் அவர் நம் பக்கம். கேட்காமல் கைகுலுக்கிவிட்டேன். அதாவது நம் பக்கத்து ஓட்டுகள் இரண்டை நானே அறுத்துப் போட்டேன். அளவு பார்க்காமல் தகட்டை வெட்டியது நான்தான். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

மீன் பிடிக்கப் போகவில்லை. மீன் பிடிப்பவரைப் பிடிக்கப் போனேன். வீட்டில் இல்லை. எந்தப் பக்கம் போனார் என்று வேலைக்காரருக்கே தெரியவில்லை. மழையில் சுற்றித் தேடி, மறுநாள் ஒரு மடுவில் இடுப்பளவு தண்ணீரில் கண்டுபிடித்தேன். என் தந்திகள் எல்லாம் அவர் மேஜையில் பிரிக்காமலே அடுக்கியிருந்தன. "தந்தின்னா கெட்ட சேதிதான்யா. அதுக்கு நான் எதுக்கு அவசரப்படணும்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டே, "நான் உம்ம கட்சியத்தான் எதிர்க்கறேன். கோதுமையையா எதிர்க்கறேன்? வாரும்," என்றார். கரையேறிக் கை கொடுத்து வாக்கைக் கலைத்தோம்.

திங்கள் மாலை சபாநாயகர் கண்ணில் பட்டேன். பேசத் தொடங்கியதும் எதிர்வரிசையில் ஒருவர், "கேக்கலை! வாய்க்குள்ளயே பேசறார்," என்றார். எனக்கு அந்த நேரம் பட்டறையில் நீர் வடிந்திருக்கும், கப்பல் என்ன ஆனதோ என்று நினைப்பு. அந்த நினைப்பில் ரிவெட் சத்தத்துக்கு மேல் கத்துகிற குரல் தானாக வந்துவிட்டது. தூங்கியவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். கோதுமை எப்படி ஓடும் என்று நாலு வாக்கியம் சொன்னேன், உட்கார்ந்தேன். பென்ரோஸ் எதிர்ப்பக்கத்தில் இருந்து, "கேளுங்க, கேளுங்க!" என்று குரல் கொடுத்தார். அவருடைய ஆட்கள் முறைத்தார்கள். மசோதா முதல் கட்டம் தாண்டியது. மேல்சபை இருக்கிறது, குரோதரைப் போன்றவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

அவையை விட்டு வெளியே வந்தபோது உன் அம்மாவின் தந்தி: "மிதக்கிறது." நடைவழி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லாமல் வைத்திருந்தேன். இந்த முறை வந்தால் உன்னைக் கீழே நிறுத்திவிட்டு நான் மேடையில் நிற்க நினைத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் என் கப்பல் எதுவும் தண்ணீருக்குள் போவதை நான் பார்த்ததில்லை. கீழே இருப்பவனுக்குத் தகடுதான் தெரியும். உன் கடிதத்தில் அது எப்படிப் போனது என்று இல்லையே. எப்படி இருந்தது? கொஞ்சம் விரிவாக எழுது.

உன்,
அப்பா


ஸ்டேன்மவுத்,
2 ஏப்ரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இருமல் இறங்கியது அறிந்து மகிழ்ச்சி. அம்மா இப்போது படியேறுகிறாள்.

கடிதத்தைப் படித்துவிட்டு உரக்கச் சிரித்தேன். அம்மா ஓடி வந்தாள். "எதிரி யாருன்னே தெரியாம கை குலுக்கிட்டு வந்திருக்காரும்மா," என்றேன். "தெரியும்," என்றாள். இந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

உங்கள் பேச்சு பத்திரிகையில் வந்திருக்கிறது. ஹெட்லி அதை வெட்டிக் கருவியறைச் சுவரில் ஒட்டினார், இந்த முறை நேராகத்தான். குரோதர் வந்தார். கப்பலின் சரக்கறையில் பலகைத் தடுப்பைத் தாங்கும் கால்களை இப்போதே பொருத்தட்டுமா என்று கேட்டேன். முனகினார். பக்கத்தில் நின்ற அவருடைய காப்டன், "பொருத்தச் சொல்லுங்க முதலாளி, அதுல போகப் போறது நான்," என்றார். பொருத்திக்கொண்டிருக்கிறோம்.

அது எப்படிப் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. தலைக்கு மேல் இருட்டு இருந்தது, பிறகு வானம் இருந்தது. நடுவில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அம்மாவைக் கேட்டேன். கப்பல் அசையாமல் நின்றபோதே கண்ணை மூடிக்கொண்டாளாம். ஊர் கத்திய பிறகுதான் திறந்தாளாம்.

அடுத்த கப்பலை செப்டம்பர் ஏற்றத்துக்குத் திட்டமிட்டிருக்கிறேன். நான் கீழே நிற்கிறேன். நீங்கள் மேடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, எனக்கும் சேர்த்துப் பாருங்கள். கண்ணை மட்டும் மூடிவிடாதீர்கள்.

உங்கள் மகன்,
மைல்ஸ்